தூய்மை தொடங்கும் இடம்

ஃபிக்ஹு நூல் எதைப் பிரித்தாலும் முதற்பாடம் தஹாரத்தாகவே இருக்கும். தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் அதற்குப் பின்னரே வரும். ஓதப்பள்ளிக்குச் செல்லும் ஏழு வயதுச் சிறுவனும் ஒளுவின் ஃபர்ளுகளைத் தடையின்றி ஒப்புவிப்பான். எந்தத் தண்ணீர் தூய்மையாக்கும், எது ஆக்காது என்று வகை பிரித்துச் சொல்வான். இவ்வளவும் கற்ற நாம், அத்தூய்மையை நாள்தோறும் அடைகின்ற வீட்டுக் குளியலறை எந்நிலையில் இருக்கிறது, அதைத் தேய்த்துக் கழுவுகிறவர் யார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? நாம் எண்ணிப் பார்த்ததில்லை. ஐம்பத்தெட்டு வயது வரை எண்ணிப் பார்க்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

நம் இல்லம் இராயபுரத்தில் இருக்கிறது. குளியலறை ஆறடி நீளம், நாலடி அகலம். காற்று வரும் வழி, கூரையை ஒட்டிய ஒரு முழ அகல வென்டிலேட்டர் மட்டுமே. தரையில் கடப்பைக் கல். சுவரில் தோளுயரம் வரை வெள்ளை டைல்ஸ். ஒரு மூலையில் 200 லிட்டர் நீல நிற டிரம். அந்த டிரம்மை வாங்கிய நாளில் மர்ஹூம் வாப்பா அவர்கள் அதைக் கையால் தட்டிப் பார்த்து, "இரண்டு குல்லத் ஏறக்குறைய இருக்கும்" என்று மகிழ்ந்தது நினைவில் நிற்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத் அளவை எட்டிய தண்ணீர், நஜீஸ் பட்டாலும் அதன் நிறமோ மணமோ சுவையோ மாறாதவரை அசுத்தமாகாது. இன்றைய அளவில் அது ஏறத்தாழ 200 லிட்டர் என்பர். கணக்கில் சிறு வேறுபாடுகள் உண்டு. வாப்பாவுக்கு டிரம்மின் கொள்ளளவில் இருந்த அக்கறை, அதன் அடியில் சேர்ந்த வண்டலில் இருந்ததில்லை. அந்தக் குணம் நமக்கும் வந்து சேர்ந்தது.

வடசென்னையில் ஒரு குளியலறையைச் சுத்தமாக வைத்திருப்பது ஏனைய பகுதிகளைப் போன்று எளிதன்று. முதற் காரணம் தண்ணீர். மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்துவிட்டதை 1960களின் இறுதியிலேயே ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வயலுக்கும் ஆலைக்கும் நகரத்துக்கும் என்று கிணறுகளிலிருந்து இடைவிடாது இறைத்ததன் விளைவு அது. நன்னீர் பின்வாங்கிய இடத்தில் உவர்நீர் வந்து அமர்ந்தது. கடலோரத் தெருக்களில் அடிபம்பைத் தட்டினாலும் போர்வெல் மோட்டாரை ஓட்டினாலும் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். 2010ஆம் ஆண்டு காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தொடங்கப்பட்ட பின் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துக் குழாய்களில் நிலைமை ஓரளவு தேறியது. எனினும் குழாய்த் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் போக, குளிக்கவும் கழுவவும் நம்மில் பலர் இன்றும் உப்புத் தண்ணீரையே நம்பியிருக்கிறோம்.

இரண்டாவது காரணம் புழுதி. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கப்பட்டு வந்த காலத்தில் கொடியில் காயும் வெள்ளைத் துணி மாலைக்குள் சாம்பல் பூத்துவிடும். உயர் நீதிமன்றத் தீர்ப்பின்படி 2011 அக்டோபரில் நிலக்கரி இங்கிருந்து எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டது. நம் வென்டிலேட்டர் வெளுத்தது; எண்ணூர்க்காரர்களின் வென்டிலேட்டர் கறுத்தது. இதை நாம் மகிழ்ச்சியாகச் சொல்ல முடியவில்லை. அவர்களோ 1970 முதல் 2017 வரை இயங்கிய பழைய அனல்மின் நிலையத்தின் சாம்பலை ஏற்கெனவே சுமந்தவர்கள்.

இத்தகைய வீட்டில்தான் 2018ஆம் ஆண்டு ஷவர் வந்தது. ஷார்ஜாவில் பணிபுரியும் நம் மருமகன் விடுப்பில் வந்திருந்தபோது, மாடியில் சின்டெக்ஸ் தொட்டி வைத்து, பளபளக்கும் ஷவர் ஒன்றையும் பொருத்திக் கொடுத்தார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எண்பதைத் தொட்டிருந்த நம் உம்மா மட்டும் அதனடியில் நிற்க மறுத்துவிட்டார்கள். "மேலேயிருந்து தண்ணி கொட்டினா எவ்வளவு போச்சுன்னு எப்படித் தெரியும் தம்பி? செம்பாலே ஊத்தினாத்தான் கணக்கு" என்பது அவர்களுடைய வாதம்.

அந்த வாதத்தின் ஆழம் பிறகே நமக்கு விளங்கிற்று. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளுச் செய்வார்கள் என்றும், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளிப்பார்கள் என்றும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நான்கு முத்து சேர்ந்தது ஒரு ஸாவு. இன்றைய கணக்கில் மூன்று லிட்டருக்குள் அடங்கும். சாதாரண ஷவர் ஒன்று நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் வரை கொட்டுகிறது. ஒரு ஸாவு எனக்குப் போதாதே என்று ஒருவர் குறைப்பட்டபோது, உம்மைவிட முடி மிகுந்தவரும் உம்மைவிடச் சிறந்தவருமான ஒருவருக்கு அது போதுமாயிருந்தது என்று ஜாபிர் (ரலி) அவர்கள் விடையளித்த செய்தி புகாரியில் இருக்கிறது. நம் வீட்டு ஷவரின் அடியில் இருபது நிமிடம் பாடிக்கொண்டு நிற்கும் இளைஞரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, மறுநாள் பத்து நிமிடமாகக் குறைத்தார்.

2019ஆம் ஆண்டின் கோடை எல்லாருக்கும் பாடம் நடத்தியது. புழல் ஏரி வறண்டு தரை வெடித்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த அந்த மாதங்களில் ஷவரைத் தொடுவாரில்லை. மழை பெய்து, தொட்டி நிறைந்து, மீண்டும் திறந்தபோது அதன் நூறு துளைகளில் பாதி அடைபட்டிருந்தது. திறந்தவை கண்டபடி பக்கவாட்டில் பீய்ச்சின. டைல்ஸின்மேல் வெள்ளை வெள்ளையாகப் படை. கீழ்ப்பகுதியில் பழுப்புத் திரை. இடுக்குகளில் கறுப்புப் புள்ளிகள். கடப்பைக் கல்லில் வழுக்கல்.

அதன் பிறகுதான் ஆசிட் நம் இல்லத்தில் நுழைந்தது.

நம் தெருவில் மூன்று சக்கர வண்டியில் ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் என்று கூவி விற்பார்கள். ஆசிட்டைச் சில்லறையாக விற்பதற்கு 2013ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்திருந்தும், பழைய குளிர்பானப் பாட்டிலில் அது எளிதாகவே கிடைத்தது. விலையும் மலிவு. ஊற்றினால் நுரைத்துப் பொங்கும்; கறை கண்ணெதிரே கரையும். உழைப்பே வேண்டாம் என்று தோன்றும். கறையோடு வேறு எவை கரைந்தன என்பதை இரண்டாண்டுகள் கழித்தே கண்டோம். கடப்பைக் கல் என்பது சுண்ணாம்புக் கல் இனம். ஆசிட் அதை அரித்துச் சொரசொரப்பாக்கியது; அந்தக் குழிகளில் அழுக்கு முன்னிலும் பிடிவாதமாகத் தங்கிற்று. டைல்ஸ் இடுக்கிலிருந்த வெள்ளைச் சிமெண்ட் உதிர்ந்து, தண்ணீர் சுவருக்குப் பின்னே இறங்கியது. குழாயின் முலாம் உரிந்து பித்தளை தெரிந்தது. மலிவென்று வாங்கியது கொத்தனார் கூலியில் கொண்டுபோய் விட்டது.

அதுவும் பணத்தோடு போயிற்று. 2022ஆம் ஆண்டு ஷஃபான் மாதத்தில் நிகழ்ந்தது பணத்தோடு போகவில்லை.

ரமலானை வரவேற்க வீட்டைத் தூய்மை செய்வது நம் குடும்பங்களில் வழக்கம். அன்று ஞாயிறு. நாம் முன்னறையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தோம். நம் துணைவியார் குளியலறையைக் கழுவச் சென்றார். ஆசிட்டை ஊற்றினார். கறுப்புப் புள்ளிகள் மட்டும் போகாததைக் கண்டு, அதன்மேலேயே பிளீச்சிங் பவுடரையும் தூவினார். ஒன்றைவிட இரண்டு கூடுதலாக வேலை செய்யும் என்று எண்ணினார். நாமாக இருந்தாலும் அவ்வாறே எண்ணியிருப்போம். மூச்சுத் திணறும் இருமல் சத்தம் கேட்டு ஓடினோம். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே மஞ்சளும் பச்சையுமாக மெல்லிய புகை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கண் திறக்க முடியாமல் நின்றார். வெளியே இழுத்து வருவதற்குள் நமக்கும் தொண்டை எரிந்தது.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் ஜெர்மானியப் படை எதிரிகளின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிடக் கனமானதால் அது மேலெழுந்து கலையாமல் தாழ்ந்த இடத்தில் தங்கும். ஆறடிக்கு நாலடிக் குளியலறையும் ஒரு பதுங்குகுழி போன்றதுதான். மருத்துவமனையில் ஓர் இரவு தங்கினோம். இத்தகையவர்களை அடிக்கடி பார்க்கிறோம், பெரும்பாலும் பெண்கள்தாம் வருகிறார்கள் என்று அங்கிருந்த டாக்டரம்மா சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணக் குரல்தான் நம்மை அதிகம் உறுத்தியது. துணைவியாருக்கு இருமல் நிற்க ரமலான் முழுவதும் ஆயிற்று. தராவீஹ் தொழுகையின் நடுவே அவர் இருமலை அடக்க முயல்வதை அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்வார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். இதை மீலாது மேடைகளில் நாமே எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறோம். அந்த மாதம்தான் முதன்முறையாகத் துடைப்பத்தைக் கையில் எடுத்தோம். அன்று முதல் குளியலறை நம் பொறுப்பு.

எடுத்த பிறகே பல செய்திகள் புலப்பட்டன. முதலாவது, கறைகள் எல்லாம் ஓரினம் அல்ல. வெள்ளைப் படை உப்புத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு. அது புளிப்புக்குக் கரையும். பழுப்புத் திரை, சோப்பிலுள்ள கொழுப்பும் அதே சுண்ணாம்பும் சேர்ந்து திரிந்தது. அதைப் புளிப்பாலும் காரத்தாலும் மாறி மாறித் தேய்த்து எடுக்க வேண்டும். கறுப்புப் புள்ளி பூஞ்சை. அதற்கு முதல் மருந்து காற்று. எது எதுவென்று அறியாமல் எல்லாவற்றின்மீதும் ஒன்றை ஊற்றுவதுதான் செலவும் தீங்கும்.

புளிப்புக்கு ஆசிட் தேவையில்லை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று வெள்ளைக் கற்கண்டுத் தூள் போல விற்பார்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, டைல்ஸில் துணியால் பூசி, கால் மணி நேரம் விட்டு, பீர்க்கங்கூட்டால் தேய்த்தால் படை இளகிவிடுகிறது. இளகாத இடத்தில் மறுநாளும் பூச வேண்டும், பொறுமைதான் விலை. பித்தளைச் செம்பைப் புளியால் துலக்கிய நம் பாட்டிமார் அறிந்த வித்தையே இது. கடப்பைக் கல்லிலும் மொசைக் தரையிலும் மட்டும் எந்தப் புளிப்பும் படக்கூடாது. எலுமிச்சையும் வினிகரும்கூட மெல்ல அரிக்கும். அவற்றுக்குச் சலவைச் சோடாவும் ஈர்க்குமாறும் போதும்.

ஷவரின் துளைகளைத் திறக்கும் வழியை ஒரு பிளம்பர் சொல்லிக் கொடுத்தார். பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றி, ஷவரின் முகம் அதில் மூழ்குமாறு நூலால் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து அவிழ்க்க வேண்டும். பழைய பல் துலக்கியால் தேய்த்து, அடைத்த துளையைக் குண்டூசியால் குத்திவிட்டால் தண்ணீர் நேராக விழுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறோம். முலாம் பூசிய ஷவரை இரவு முழுவதும் ஊறவிடலாகாது.

பிளீச்சிங் பவுடரை நாம் அடியோடு விலக்கிவிடவில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஒரு கரண்டியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, பூஞ்சை பிடித்த இடுக்கில் மட்டும் தடவி, கதவை அகலத் திறந்து வைக்கிறோம். அன்று வேறெதுவும் குளியலறைக்குள் நுழையாது. எலுமிச்சை உப்பும் அதனோடு சேரக்கூடாது. இரண்டையும் வீட்டின் வெவ்வேறு அலமாரிகளில் வைத்திருக்கிறோம். பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இவை எல்லாவற்றுக்கும் மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஆவதில்லை. ஆனால் உண்மையான சிக்கனம் வேறிடத்தில் இருந்தது. ஓடிப்போன தண்ணீர் கறை வைப்பதில்லை. தங்கிக் காய்ந்த தண்ணீர்தான் சுண்ணாம்பை விட்டுச் செல்கிறது. ஆகவே குளித்து முடித்தவர், ரப்பர் வைப்பரால் சுவரையும் தரையையும் ஒருமுறை வழித்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து வெளியே வந்தால், படையுமில்லை, பூஞ்சையுமில்லை, வழுக்கலுமில்லை. ஒரு நிமிட வேலை. இதை வீட்டாரிடம் பழக்கப்படுத்தத்தான் ஏழு மாதமாயிற்று. ஆசிட் வாங்குவதை நிறுத்துவது எளிது. மகனை வைப்பர் எடுக்கச் செய்வது அவ்வளவு எளிதன்று. குளிக்கும் இடத்தில் சிறுநீர் கழிப்பதை ஹதீஸ் தடுத்திருப்பதை நினைவூட்டி, அதையும் கண்டிப்பாக்கினோம். மணம் வராததற்குப் பாதிக் காரணம் அதுவே என்பது நம் அனுபவம்.

காரத்தின் அருமையை 2023 டிசம்பரில் எர்ணாவூரில் கண்டோம். மிக்ஜாம் புயலின் மழை வெள்ளம் பக்கிங்ஹாம் கால்வாயிலும் கொசஸ்தலையாற்றிலும் பெருகியபோது, மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் அதில் கலந்து, எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. கரையோர வீடுகளுக்குள் புகுந்து வடிந்த வெள்ளம் சுவரில் இடுப்புயரத்துக்குக் கருங்கோடு போட்டுச் சென்றது. நம் இளைய சகோதரியின் வீடும் அவற்றில் ஒன்று. குளியலறையில் கால் வைத்தால் வழுக்கியது. டிரம்மின் உட்புறமெல்லாம் பிசுக்கு. ஒளுச் செய்ய ஒரு சுத்தமான மூலை இல்லை. பக்கத்து வீட்டார் ஆசிட் பாட்டிலோடு நின்றனர். எண்ணெய்க்கு ஆசிட் ஒன்றும் செய்யாது என்று தடுத்து, முதலில் மரத்தூளைத் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டு வழித்தோம். பின்பு வெந்நீரில் சலவைச் சோடாவும் பாத்திரம் துலக்கும் சோப்பும் கரைத்துத் தேய்த்தோம். எண்ணெயைக் கரைத்தெடுப்பது காரம். அல்கலி என்று உலகம் முழுவதும் வழங்கும் பெயரே, செடியை எரித்த சாம்பலைக் குறிக்கும் அல்-கலீ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். அந்தச் சாம்பல் காரத்தையும் ஒலிவ எண்ணெயையும் சேர்த்துச் சோப்புக் காய்ச்சி நாபுலுஸும் அலெப்போவும் உலகுக்கு அனுப்பின.

நான்கு நாள் தேய்த்தோம். தரை தெளிந்தது, சுவரின் கோடு மங்கியதே தவிர மறையவில்லை. டிரம்மை எறிந்துவிட்டுப் புதிது வாங்க நேர்ந்தது. சலவைச் சோடாவால் ஆவது இவ்வளவுதான். எண்ணெயை ஆற்றில் விடாமலிருக்க வேண்டியவர்கள் செய்ய வேண்டியதை ஒரு குடும்பம் துடைப்பத்தால் செய்துவிட முடியாது. கையுறை வாங்கத் தோன்றாமல் வெறுங்கையால் தேய்த்த சகோதரியின் விரல்கள் வெடித்து ஆற நெடுநாள் ஆயின. அந்தப் பிழையில் நமக்கும் பங்குண்டு.

உம்மா அவர்களுக்காக இப்போது நம் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்தியிருக்கிறோம். பிளாஸ்டிக் முக்காலி ஒன்றும் போட்டிருக்கிறோம். சுபுஹுக்கு முன் அவர்கள் ஒளுச் செய்யப் போகும்போது தரை உலர்ந்திருக்க வேண்டும் என்பதால், இரவு கடைசியாக வைப்பர் போடுவது நம் வேலை. சென்ற வாரம் ஒருநாள் களைப்பில் மறந்து படுத்துவிட்டோம். நள்ளிரவில் நினைவு வந்து எழுந்து போனால், குளியலறையில் விளக்கு எரிகிறது. கல்லூரி முடித்த நம் மகன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையை வழித்துக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும், "நீங்க தூங்குங்க வாப்பா" என்று சொல்லிவிட்டு மூலையிலிருந்த தண்ணீரைத் தூம்புக்குத் தள்ளினார். உள்ளறையிலிருந்து உம்மாவின் குரல் வந்தது: "யாரது இந்நேரத்துலே தண்ணியைக் கொட்டுறது?"